ஒன்றாம் எண் டிஸ்க்

சர்வர் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்த டிஸ்க் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மின்சாரத்தை விட்டு வந்து பத்து நிமிடம் ஆகியும், உள்ளங்கையை வைத்தால் தூங்கும் பூனையைத் தொட்டதுபோல மெல்லிய உறுமலும் கதகதப்பும்.

'டிஸ்க் டாக்டர்' கையை இழுத்துக்கொண்டார். பதவி உயர்வுக்குப் பதிலாக மேலாளர் வழங்கிய பட்டம் அது. நாலு டிஸ்க் சேர்ந்து வேலை செய்கிறபோது தனியாகப் பிரதி எதற்கு என்று கூட்டத்தில் முழங்கிக் கைதட்டலும் வாங்கிய மகான், அந்த மேலாளர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆளில்லாத அலுவலகத்தில் ஜன்னலில்லாத அறை. மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல், சூடேறிய தூசியின் வாடை. சர்வரிலிருந்த நான்கு பழைய டிஸ்க்குகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றைப் போட வேண்டும், அதுவும் ஒவ்வொன்றாக. ஒன்று போனால் மிச்சம் மூன்றும் கூடிப் பேசி, போனதில் என்ன இருந்ததென்று புதியதில் எழுதிக் கொடுத்துவிடும். எழுதி முடிப்பதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. கோளாறு காட்டிய ஒன்றாம் எண்ணை முதலில் மாற்றிவிட்டுக் காத்திருந்தார். வீட்டு லேப்டாப் சாகக் கிடந்த அன்று மனைவி, மகள், மகன் என்று குடும்பத்தின் பன்னிரண்டு வருடப் படங்களையும் வீடியோக்களையும் யாருக்கும் தெரியாமல் இந்தச் சர்வரில்தான் ஏற்றியிருந்தார். வேறு பிரதி கிடையாது. மேலாளரைச் சொல்லிக் குற்றமில்லை.

திரையில் நாற்பது சதவீதம். வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது ஏழு வயது மகன்.

"என்னங்க," என்றான். "மாத்திரை போட்டீங்களா?"

விளையாடுகிறான் என்று சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அந்தக் கீச்சுக்குரலில் மனைவியின் அலுப்பு இருந்தது. அடுத்த வாக்கியத்தில் மகளின் நக்கல். அதற்கடுத்து அவருடைய சொந்தச் செருமல். அவனுடையது என்று ஒரு சொல் இல்லை. மனைவியிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவன் எப்பவும் இப்படித்தானே பேசுவான்? உங்களுக்கு என்ன ஆச்சு?"

போனை வைத்தார். இரைச்சலுக்குள் வேறொரு சத்தம் பிரிந்து கேட்டது. மேஜைமேல் இருந்த டிஸ்க். உறுமல் தேய்ந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு. மூச்சுக்குத் திணறுவதுபோல.

திரையில் எழுபது. எழுபத்தொன்று. மிச்சம் மூன்று பேரை வைத்துப் பையனை எழுதிக்கொண்டிருந்தது சர்வர்.

நூறு ஆகக் கூடாது. அதற்குள் புதியதை எடுத்துவிட்டு, மேஜைமேல் இருக்கும் பழையதைத் திரும்பச் செருகிவிட வேண்டும். ஒன்றாம் எண். இடப்பக்கம் முதலாவது. பிடித்து இழுத்தார்.

சிவப்பு விளக்கு. பக்கத்தில் இன்னொரு சிவப்பு.

சர்வர் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். ஒன்றாம் எண் என்பது இரண்டாவது டிஸ்க். புதிதாக வேலைக்கு வந்தவர்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்து இருபது வருடமாக அவர் ஒப்பிக்கச் சொன்ன பாடம்.

கையில் வந்திருந்தது பூஜ்ஜியம் எண், இன்னும் மாற்றாத பழைய டிஸ்க். கோளாறில்லாதது. அதே குழிக்குள் தள்ளினார். அழுத்தினார். விளக்கு மாறவில்லை.

மேஜைப்பக்கம் சத்தம் நின்றிருந்தது. தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

பிறகு நான்கும் பச்சை. ஒரே நொடியில். திரையில் நூறு. பிழை எதுவுமில்லை; மற்ற மூன்றிலும் பூஜ்ஜியம் எண்ணின் பிரதி. மேலாளருக்குப் படம் எடுத்து அனுப்பலாம், அவ்வளவு சுத்தம்.

வீட்டு எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ?" என்றது அவருடைய குரல்.

அவர் வாயைத் திறக்கவேயில்லை.

"யாரு?" என்றார்.

"நான்தான்," என்றது போன்.

அதற்குப் பின்னால், கூடத்திலிருந்து, அதே குரலில், "நான்தான்."

சமையலறைப் பக்கமிருந்து இன்னொன்று. "நான்தான்."