நாகக் குகையில் மேகலாவின் கடைசி அழைப்பு

“யானை! அந்தப் பாம்போட தலைக்கு நேர் மேல, அந்தரத்துல ஒரு யானையை அழைக்கிறேன்!” மேகலா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

“முடியாதுங்க,” என்றான் தண்டபாணி. “மிருகத்தோட காலுக்குக் கீழ தரை இருக்கோணும்.”

சிங்காநல்லூரில் தண்டபாணியின் மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு மேஜை, சில பகடைகள், நான்கு நண்பர்கள். கதையை நடத்துபவன் தண்டபாணி. தீவும் குகையும் பாம்பும் அவன் வாயிலிருந்துதான் வரும். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் புகுந்து ஆடுபவர்கள். மந்திரத்தால் மிருகங்களை வரவழைப்பவள் மேகலா. வாள்வீரன் ஜெரால்டு. எந்தப் பூட்டையும் திறக்கும் கள்ளி நிலோஃபர். ஆட்டத்திலும் அவரவர் சொந்தப் பெயர்தான். முதல் நாள் வைத்த அழகான பெயர்களை ஜெரால்டு டீ வருவதற்குள் மறந்துவிட்டான்.

கதைப்படி, முத்தலைத் துறை அரசர்களின் மரகத முடி காணாமல் போய்த் தலைமுறைகள் ஆகியிருந்தன. அதைத் தேடித்தான் மூவரும் இந்தக் குகைக்கு வந்திருந்தார்கள். வழியெல்லாம் மேகலாவின் கைவரிசை! சதுப்பு நிலத்தில் எருமைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முதுகில் நடந்து தாண்டினார்கள். கொடிப் பாலத்தில் துரத்தி வந்த கொள்ளைக்காரர்களுக்கு நடுவே பசித்த வெள்ளாடுகளை விட்டாள். அவை பாலத்தையே மேய்ந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் தண்டபாணி சட்டங்களை உடும்பாய்ப் பிடித்துக்கொண்டான். அழைக்கும் இடத்தை மேகலா கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே தரை இருக்க வேண்டும். மிருகத்தின் உடம்பு கொள்ளும் அளவுக்கு இடமும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மந்திரம் பலிக்காது. இன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் அழைப்பு.

“சரி, வேற யோசிக்கிறேன்,” என்று அவள் உட்காருவதற்குள் பாம்பு பாய்ந்தது!

தப்பிக்க நிலோஃபர் பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது, இருப்பதிலேயே மோசமான எண்.

“லபக்!” என்றான் தண்டபாணி. “பாம்பு நிலோஃபரை முழுசா முழுங்கிருச்சு. வயித்துக்குள்ள, இடுப்பளவு கொழகொழப்புல நிக்கறாங்க.” அவன் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தான். “மணல் தீர்ந்தா ஜீரணம்.”

நிலோஃபருக்குக் கொச்சிக்கு மாற்றலாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாள். நால்வரும் சேர்ந்து ஆடும் கடைசி ஆட்டம் இது.

“பரவாயில்ல விடுங்கப்பா, ஒரு பாம்புக்காச்சும் வயிறு நிறையட்டும்,” என்று சிரித்த நிலோஃபர், தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தாள்.

“நான் வெட்டறேன்!” என்று கத்தினான் ஜெரால்டு. ஓங்கி வெட்டியும் விட்டான். பாம்பின் செதில் மேல் வாள் மணியடித்துத் திரும்பி வந்தது.

மேகலா நிஜ வாழ்க்கையில் கால்நடை மருத்துவர். கோழியை விழுங்கிய மலைப்பாம்பு ஒன்றை ஊர்க்காரர்கள் சீண்டியதையும், அது கோழியைக் கக்கிவிட்டு ஓடியதையும் நேரில் பார்த்தவள். இந்த இரும்புத் தோலை வெளியிலிருந்து சீண்ட வழியில்லை. உள்ளேயிருந்து?

“ஜெரால்டு, தள்ளு. நான் பாம்போட வாய்க்குள்ள போறேன்!”

“கிறுக்கா புடிச்சிருக்கு?”

“உள்ள போனாத்தானே இடத்தைப் பார்க்க முடியும்?”

தண்டபாணி உஷாரானான். “உள்ள கும்மிருட்டுங்க. எப்படிப் பார்ப்பீங்க?”

“பூட்டுத் திறக்கறப்போ வெளிச்சம் காட்டற ஒளிக்கல்லு எங்கிட்ட இருக்கே!” நிலோஃபரின் கை பையிலிருந்து வெளியே வந்தது.

பாம்பு வாயைத் திறந்தது. மேகலா தலைகுப்புறப் பாய்ந்தாள். வழுக்கிக்கொண்டே போய் நிலோஃபரின் மேல் மோதி நின்றாள். பச்சை வெளிச்சத்தில் வயிற்றுச் சுவர் சுருங்கி விரிந்தது.

“இப்போ அழைக்கிறேன்.”

“தரை வேணுமே,” என்றான் தண்டபாணி, கொஞ்சம் தயக்கத்தோடு.

“நிலோஃபர் வயித்துக்குள்ள நிக்கறான்னு நீங்கதானே சொன்னீங்க? எது மேல நிக்கறா?”

ஜெரால்டு மேஜையைத் தட்டிக் கூச்சல் போட்டான்.

“சரிங்க, தரைதான். ஆனா ஒரு நாய்க்குட்டி படுக்கற இடம்தான் இருக்கு. யானை, எருமை எதுவும் கிடையாது.”

“நாய்க்குட்டி அளவு போதும். முள்ளம்பன்றி!”



“அதுக்கு நீங்க என்ன கட்டளை குடுக்கறீங்க?” என்றான் தண்டபாணி, குரல் இறங்கி.

“ஒண்ணும் வேண்டாம். அது பயந்தாலே போதும்.”

முள்ளம்பன்றி வந்தது. சுற்றிலும் பார்த்தது. பயந்தது. அத்தனை முட்களையும் விரித்தது!

நிலோஃபர் அலறினாள், மேகலா அலறினாள், பாம்பு எல்லோரையும் விடப் பலமாக அலறியது. பாம்பு தாங்குமா என்று பார்க்கத் தண்டபாணி பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டினான். மூன்றுதான், தாங்காது! கடிகாரத்தில் சிட்டிகை மணல் மிச்சமிருந்தது.

குகை குலுங்க, பாம்பு கக்கியது. முதலில் நிலோஃபர் ஜெரால்டின் மேல் வந்து விழுந்தாள். அடுத்து மேகலா. பிறகு பாதிப் படகு, இரண்டு கேடயங்கள், கடைசியாகக் கொழகொழவென்று பச்சையாக மின்னியபடி ஏதோ ஒன்று உருண்டு வந்தது.

“மரகத முடி!” நிலோஃபர் தாவி எடுத்தாள். இத்தனை தலைமுறையாக அதைக் காவல் காத்த இடம் பாம்பின் வயிறுதான்! முள்ளம்பன்றி மாயமாக மறைந்தது. பாம்பு இவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொந்துக்குள் புகுந்துகொண்டது.

முத்தலைத் துறையில் மேளம் முழங்கியது. நாற்றம் தாங்காமல் மக்கள் தூரத்திலிருந்தே மாலைகளை வீசினார்கள். முடியை நான்கு முறை கழுவச் சொல்லிவிட்டுத்தான் அரசர் தலையில் வைத்தார். நிலோஃபர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்டபாணி விட்டுக்கொடுத்திருந்தால் ஒரு யானை விழுந்திருக்கும், அத்தோடு முடிந்திருக்கும் என்று மேகலா நினைத்துக்கொண்டாள். சட்டங்கள் கட்டிப்போட்டதால்தான் மூளை இவ்வளவு தூரம் ஓடியது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நிலோஃபர் கேட்டாள்: “கொச்சியில இதை யாரோட ஆடறது?”

“நாலு பேரைப் பிடிச்சு நீங்களே நடத்துங்க,” என்றான் தண்டபாணி. “மேகலா மாதிரி ஒருத்தங்க வந்து சேர்ந்தா கஷ்டம்தான்.” கதவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தான். “சேரலேன்னா, ரொம்பக் கஷ்டமுங்க.”