உங்க இஷ்டம்

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். பயிற்சிக்கூடத்தின் நடுவே அந்தப் பெட்டி, சாய்ந்து நிமிரும் இரும்புக் கால்களில் நின்றது. உள்ளே விமானியின் அறை அச்சு அசலாக இருக்கும், விமானம்தான் இருக்காது.

விமான நிறுவனத்தின் மேலாளர் ஏணியில் ஏறினார். அவரும் ஒரு காலத்தில் விமானிதான். போன மாதம் மலையில் மோதிய விமானத்தை ஓட்டியவர் அவருடைய தங்கையின் கணவர். அதே மழையைப் பெட்டிக்குள் வரவழைத்து, பத்திரமாக இறங்கிக் காட்டிவிட்டால் போதும். பழி விமானியோடு போகும், நிறுவனம் தப்பிக்கும்.

"செத்தவரோட போட்டி போட்டா ஜெயிச்சிடலாம்தான் சார்," என்றாள் பெட்டியை இயக்கும் பொறியாளர்.

"வேலையைப் பாரும்மா."

கதவு சாத்திக்கொண்டது.

விபத்தன்றைக்கு ரேடியோவில் வந்த மாப்பிள்ளையின் குரல் அவருக்கு மறக்கவில்லை. "மச்சான், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. திரும்பிடவா?"

அவர் கத்தவில்லை. "உங்க இஷ்டம்," என்றார்.

எல்லோரையும் 'நீ' என்று பேசுகிறவர். அவர் வாயில் மரியாதை வந்தால் வேலைக்கு உலை என்பது அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்டும் திரும்பி வந்த இரண்டு விமானிகள் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை திரும்பவில்லை.

கண்ணாடியில் பொய்மழை ஓடியது.

பக்கத்து இருக்கையின் பெல்ட் தானாகப் பூட்டிக்கொண்டது.

அங்கே யாருமில்லை.

ஈர மண் வாசனை. அதன் அடியில் கருகல் நெடி. அவர் தொடையில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. பொய்மழைக்கு ஈரம் ஏது?

ஓடுதளம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக மலை எழுந்தது.

"போதும்மா! நிறுத்து!"

காதுக்கருவி கரகரத்தது. பதில் சொன்னது பொறியாளர் அல்ல.

அவருடைய சொந்தக் குரல்.

"உங்க இஷ்டம்."

மூக்கைத் தூக்கப் பிடியை இழுத்தார். அவர் கைமேல் இன்னொரு கை படிந்தது. எலும்பு வரை குளிர்ந்தது.

"இப்ப நீங்க திரும்புங்க மச்சான். பாக்கலாம்."

"மாப்ளே, தப்பு எம்மேலதான்! நான்தான் உன்னத் திரும்ப விடல! விட்டுடு!"

அந்த அலறல் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது.

பக்கத்து இருக்கையிலிருந்து பதில் வந்தது.

"வெளிய போனா மாத்திப் பேசுவீங்க."

பொறியாளர் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மேலாளர் பெல்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. வாய் நிறைய ஈரமண்.

அவள் பின்வாங்குவதற்குள், மின்சாரமில்லாத அந்தப் பெட்டி மெல்ல மூக்கைத் தாழ்த்தத் தொடங்கியது.