ஃபோம் ஒட்டிய அறை

காலையில் வேலை முடிந்து வந்து அவன் செருப்பைக் கழற்றும்போது சுவரிலிருந்து பல்லி விழுந்தது. பல்லி விழுவது புதிதல்ல. ஆனால் இது பழுத்த பழம்போல் தொப்பென்று விழுந்தது. வயிறு தரையில் தேய, கால்கள் தரைக்கு எட்டாமல் துழாவ, மறுபடி சுவரில் ஏறப் பார்த்து, முடியாமல் மூச்சு வாங்கிக் கிடந்தது. இந்த வீட்டில் ஈ, கொசுவைப் பார்த்தே பல மாதம் ஆகிறது. எதைத் தின்று இப்படி ஆனதோ என்று நினைத்தபடி அதைத் துடைப்பத்தால் வெளியே தள்ளினான்.

மனைவி சலவைக்கடைக்குக் கிளம்பி நின்றாள். அவனுக்கு மெத்தைக் கம்பெனியில் இரவு வேலை. அவன் உள்ளே வரும்போது அவள் வெளியே போவாள். வாசலில்தான் நம் குடித்தனம் என்று இருவரும் சிரித்துக்கொள்வதுண்டு. இன்று அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, அந்தச் சாவியக் குடுத்துட்டுப் படுங்க. புள்ள நேத்தும் சரியாச் சாப்பிடல."

அலமாரிச் சாவி அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. சாயங்காலம் தருகிறேன் என்று முனகினான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மகளுக்குப் பதிமூன்று வயது. இரண்டு வருடத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் உப்பிவிட்டாள். சர்க்கரையும் ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று அவனாக முடிவு கட்டி, சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டுப் போட்டான். பள்ளிக்கூடத்தில் மூட்டை என்று கூப்பிடுகிறார்கள் என்று அவள் அழுதபோது, வாயைக் கட்டினால் ஏன் கூப்பிடப்போகிறார்கள் என்று கேட்டவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பூட்டிய பிறகும் உடம்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

இருந்ததே ஒரே அறை. பகலில் தூங்குகிறவனுக்குத் தெருச்சத்தம் ஆகாது. அதனால் கம்பெனியில் கழித்துப்போடும் ஃபோம் துண்டுகளைச் சைக்கிளில் கட்டி எடுத்துவந்து, நாலு சுவரிலும், ஜன்னலிலும், கதவின் உள்பக்கத்திலும் ஒட்டியிருந்தான். கூட வேலை பார்க்கும், குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லியன் வந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது வீடா, நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்த எடமா?" என்றான். அன்றைக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு ஃபோம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. தொட்டால் கையில் மாவு. தட்டில், தண்ணீரில், தூங்கும் மகளின் உதட்டோரத்தில், எங்கும் அந்த மாவு.

நேற்றிரவு கம்பெனி நர்ஸ் ஆட்களைச் சோதித்தபோது, பேச்சுவாக்கில் அவன் வீட்டுக் கதையைச் சொன்னான். அவள் எழுதுவதை நிறுத்தினாள். தீப்பிடிக்காமலிருக்க ஃபோமில் மருந்து சேர்ப்பார்கள், பழசானால் அது தூசியோடு உடம்புக்குள் போகும், அதில் சிலது உடம்பு கொழுப்பைச் சேர்க்கிற கணக்கையே குழப்பிவிடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்றாள். உங்கள் பிள்ளைக்கு இதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"இங்க மாஸ்க் போட்டுக்கறீங்கல்ல, அண்ணே. வீட்ல?"

அந்த 'வீட்ல' வழிநெடுக அவன் கூடவே வந்தது. சாவியைக் கொடுத்தால் என்ன திடீரென்று என்பாள் மனைவி. ஃபோம் விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும். முதலில் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிடலாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கதவைச் சாத்தினான். தெரு அணைந்துபோனது. விளக்கு வெளிச்சத்தில் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பச்சை மீனும் கருகிய சர்க்கரையும் கலந்தாற்போல் ஒரு வாடை; கம்பெனியில் ஃபோமுக்கான கலவையை ஊற்றும் கூடத்தில் வருவது, இங்கே வரக் கூடாதது. அந்த வாடைக்கு அடியில், காதை அடைத்துக்கொண்டால் கேட்பதுபோல் மெல்லிய இரைச்சல். ஊற்றிய கலவை பொங்கி எழும்பும்போது வரும் சத்தம். அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

மூலையிலிருந்து பிய்க்கத் தொடங்கினான். ஃபோம் வெதுவெதுப்பாக இருந்தது. மாவு கொட்டியது. இருமிக்கொண்டே பிய்த்தான். மகளின் தலைமாட்டுக்கு வந்தான். தலையணையை நகர்த்தினான்.

சுவரில் ஒட்டிய ஃபோமில் ஒரு பள்ளம்.

எலி என்று நினைத்தான். குனிந்தான். எலியல்ல. வரிசையாகப் பல் பதிந்திருந்தது. சின்னப் பற்கள். முன்பல்லில் ஒன்று கோணல்.

அவன் மகளின் பல்.

"குட்டி."

அவள் திரும்பினாள். தூங்கியிருக்கவில்லை. முகத்தில் கோபமில்லை.

"அலமாரி பூட்டியிருந்துச்சுப்பா."

கழுத்துக் கயிற்றை அறுத்தான். பூட்டில் சாவி சேரவில்லை. திருப்பிப் போட்டுக் குத்தினான். திறந்தது. ரொட்டியை எடுத்துவந்து மண்டியிட்டான். அவள் வாயருகே நீட்டினான். தின்னும்மா, எல்லாத்தையும் தின்னு என்று கெஞ்சினான்.

அவள் தலையை மெல்ல நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. வயிறு நெறஞ்சிருக்கு."

அவள் தோளுக்குப் பின்னால், கடித்த பள்ளம் நிரம்பிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து. மெதுவாக.

வெளியே போக வேண்டும். இப்போதே. அவள் கையைப் பற்றி இழுத்தான். விரல்கள் அழுந்தின. இன்னும் அழுந்தின. எலும்பு தட்டுப்படவில்லை.

விட்டுவிட்டான்.

அவள் கையில் ஐந்து குழிகள். வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை. அவனோடு சேர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழிகள் ஒவ்வொன்றாக, அந்த இரைச்சலோடு, எழும்பத் தொடங்கின. ஓரத்தில் மஞ்சள் மாவு உதிர்ந்தது.