மேனேஜருக்கு யார் வைத்தது?

படச் சட்டம் போடும் கடைக்காரம்மா அக்காவின் வீட்டுக்குள் வந்தபோது கையில் பூனைக்கூடை இருந்தது. கூடைக்குள் பூனை இல்லை.

"மேனேஜர் ஆஸ்பத்திரியில இருக்கான் மேடம். எவனோ விஷம் வெச்சுட்டான். எவன்னும் எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

"தெரிஞ்சுபோச்சுன்னா நான் எதுக்கும்மா? உக்காருங்க" என்றாள் அக்கா.

அக்கா தீ விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில் பல காலம் எரிந்த கடைகளைச் சோதித்தவள். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சாம்பலைக் கிளறியே சொல்லிவிடுவாள். இப்போது ஊராரின் சில்லறைப் புதிர்களை அவிழ்த்துக் கொடுக்கிறாள். கூடவே திரியும் அவளுடைய தம்பிக்கு ஊர் வைத்த பெயர் அவசரம். தலையில் ஒரு முடி கிடையாது. யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. கடைக்காரம்மா உட்காருவதற்குள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான்.

அந்தப் பூனை வேலை ஒன்றும் செய்யாமல் மேஜைமேல் உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதை மேற்பார்வை பார்க்குமாம். அதனால்தான் மேனேஜர். நேற்றுக் காலை மேஜைக்குத் தாவியவன் பாதியிலேயே விழுந்தான். ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மருத்துவர் வேறொரு பூனையின் ரத்தத்தை ஏற்றித்தான் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார்.

"எலி மருந்தா இருந்தா ரத்தம் கசியுமாம். இவனுக்கு ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடையுதாம். அந்துருண்டை, வெங்காயம், பூண்டு, இந்த மாதிரி ஏதோ ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க. என்னன்னு தெரியாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, இன்னொரு தடவை போச்சுன்னா பிழைக்காதுங்கறாங்க." அவள் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "மாடியில குடியிருக்கானே புறாக்காரன், அவன்தான் மேடம். மேனேஜர் அவன் புறா ஒண்ணைப் பிடிச்சிட்டான். இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்னு என் முகத்துக்கு நேராவே சொன்னான். சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணுன்னுட்டேன்."

கடையோடு சேர்ந்த அந்த வீட்டுக்கு மூவரும் போனபோது புறாக்காரர் மாடிப்படியில் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புறாக்கூண்டு. கூண்டைச் சுற்றிச் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். அவசரம் ஒன்றை முகர்ந்தான்.

"அந்துருண்டை. கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு அக்கா."

"பூனை கிட்ட வரக்கூடாதுன்னு கட்டினேன். அந்த வாடைக்கு அது ஓடிடும். அதுதான் நான் கட்டின முடிவு" என்றார் புறாக்காரர். "கொல்றதுக்கு எனக்கு மனசு வருமா? நானும் உசிருங்களைத்தானே வளர்க்கறேன்."

அக்கா முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தாள். எல்லா உருண்டைகளும் முழுசாக, நாக்கோ பல்லோ படாமல் வழவழப்பாக இருந்தன. திரும்பக் கட்டிவைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அவசரத்துக்கு ஒரே ஏமாற்றம்.

"மேனேஜருக்கு வெளி ஆள் ஏதாவது குடுத்தா வாங்குவானா?" என்று படியிலேயே கேட்டாள்.

"சாமானியத்துல வாங்க மாட்டான். என் கை, என் தம்பி கை. அவ்வளவுதான்."

சமையலறையில் அக்காவின் கண் ஒவ்வொரு தட்டாக மேய்ந்தது. தயிர்ச் சட்டியில் கால்வாசிதான் இருந்தது.

"முந்தாநேத்துக் காலையில உறை ஊத்தினது. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதுலேர்ந்து தயிரே நிக்க மாட்டேங்குது" என்று கடைக்காரம்மா அலுத்துக்கொண்டாள். "ஆனா புள்ளை திருந்திட்டான். காய்கறி வாங்கறது, வெங்காயம் உரிக்கறது எல்லாம் அவனேதான். பொண்டாட்டி வர்றதுக்கு முன்னாடியே பழகறான்."

கடைக்காரம்மாவின் தம்பி தன் அறையில் அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தான். புழுக்கத்தில் நமக்கு வியர்க்கிறது, அவன் தலையில் கம்பளிக் குல்லாய் என்று அவசரம் மனசுக்குள் முணுமுணுத்தான். அறை முழுக்கச் செண்ட் வாசனை, மூச்சு முட்டியது. தலையணையில் பழைய துண்டு சுற்றியிருந்தது, அதன்மேல் பூனை முடி. கட்டிலுக்கு அடியில் ஒரு கிண்ணம் கிடந்தது.

"என் தலைமாட்டுலதான் படுப்பான் மேடம். அவனில்லாம எனக்குத் தூக்கமே வரலை" என்றான் தம்பி.

அக்கா கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "புறாக்காரரையும் கீழே வரச் சொல்லுங்க" என்றாள்.

கடைக்குள் வெற்றுச் சட்டங்கள் சுவரெல்லாம் தொங்க, அதன் நடுவே மற்ற நால்வரும் நின்றார்கள். அக்கா மேனேஜரின் மேஜையில் சாய்ந்துகொண்டாள்.

"டாக்டர் மூணு சொன்னாங்க. மூணும் பூனைக்குப் பிடிக்காத வாடை. எதையும் அது தானாத் தின்னாது. தின்னுச்சுன்னா, அதுக்கு ரொம்பப் பிடிச்ச ஏதோ ஒண்ணுல கலந்திருக்கணும். வெளி ஆள்கிட்ட வாங்காது, அதனால வீட்டுக்குள்ள. இந்தக் கிண்ணத்தைப் பாருங்க. கழுவின கிண்ணம் இல்லை. காய்ஞ்ச தயிர் கோடு கோடா இருக்கு. சொரசொர நாக்கு வழிச்ச தடம்."

"என் தம்பி விஷம் வெச்சான்னா சொல்றீங்க?" கடைக்காரம்மாவின் குரல் ஏறியது. "அவன் தயிர் சாப்பிட்டதுக்கும் பூனைக்கும் என்ன? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்களே."

அவசரம் அனிச்சையாகத் தன் தலையைத் தடவிக்கொண்டான். கை அங்கேயே நின்றுவிட்டது. வெங்காயம், தயிர், தலையில் துணி, மறைக்கச் செண்ட். அவனும் ஒரு காலத்தில் பூசாத சாறில்லை.

"அக்கா" என்றான் மெதுவாக, "முழங்கால் வேண்டாம். மொட்டைத் தலை மட்டும் போதும்."

அக்கா கடைக்காரம்மாவின் தம்பி பக்கம் திரும்பினாள். "குல்லாயை எடுப்பா."

அவன் எடுத்தான். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. கடைக்காரம்மா தன் தம்பியின் தலையை வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"பொண்ணு வீட்டுக்குப் பழைய போட்டோவைக் குடுத்துட்டேன்" என்றான் அவன். "வெங்காயத்தை அரைச்சு, சாறு பிழிஞ்சு, தயிர்ல கலந்து ராத்திரி பூசிட்டுப் படுத்தா வளரும்னாங்க. மிச்சம் கிண்ணத்துல இருக்கும். மேனேஜர் நக்கிடுவான். கழுவற வேலை மிச்சம்னு நினைச்சேன்." அக்கா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தான். "நானே கொன்னுட்டேனா மேடம்?" என்றான்.

"இன்னும் இல்லை. டாக்டருக்கு உடனே போன் போடு. வெங்காயம்னு சொல்லு. தினம் ராத்திரின்னும் சொல்லு. வெக்கப்பட்டு எதையும் குறைச்சுச் சொல்லாதே."

அவன் ஒன்றையும் குறைக்காமல் சொன்னான். கடைக்காரம்மா மாடிப்படிக்குப் போய், புறாக்காரர் பெட்டியில் கட்டியிருந்த கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. புறாக்காரர் குனிந்து உதவி செய்தார்.

"தீ வெச்சவனைத்தான் எல்லாரும் தேடுவாங்க" என்றாள் அக்கா தெருவில் நடக்கும்போது. "பாதி நாள் அது விளக்கை அணைக்காமத் தூங்கினவனாத்தான் இருக்கும்."

"அந்தக் கல்யாணம் என்ன ஆகும் அக்கா?"

"அது நம்ம கேஸ் இல்லைடா."

ஆனால் அவசரத்துக்கு மனசு கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்து அவன் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான். கூண்டுக்கு முன்னால் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. மழுமழுவென்று வழித்த தலை. யாரென்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கல்யாணம் நிச்சயமான பெண், அவன் புதுப் போட்டோ அனுப்பியதும் பூனையைப் பார்க்கவென்று கிளம்பி வந்துவிட்டாளாம்.

"இன்னும் ஒண்ணும் தின்னலை. ரத்தம் உடையறது நின்னிருக்கு, ஆனா தலையைத் தூக்கவே மாட்டேங்கறான்" என்றான் தம்பி. டாக்டரம்மா கூண்டின் கதவைத் திறந்துவிட்டார். அவன் குனிந்து நெற்றியை உள்ளே வைத்துக்கொண்டான்.

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தான். எதிரே இருந்த வெறுந்தலையை முகர்ந்து பார்த்தான். பிறகு நாக்கை நீட்டி, மெதுவாக, அதை நக்க ஆரம்பித்தான்.

"சோப்பு மட்டும்தான் போட்டேன் டாக்டர், சத்தியமா" என்றான் தம்பி, தலையை எடுக்காமலே அழுதபடி.