கிழிந்த இருக்கைகள்

ஐந்து மாதப் பிள்ளை மாறன் பசியில் வீறிட்டதும், பொற்கொடி அவன் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த திரைமணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதன் குட்டி விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் ரயில் பெட்டியில் யாருக்கும் தாயும் தெரியமாட்டாள், பிள்ளையும் தெரியாது. ஊரே அணிந்திருக்கும் கண்வில்லை அவர்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சு பிதுங்கும் கிழிந்த இருக்கை ஒன்றை வரைந்து காட்டும். யாரும் தெரியாமல் மேலே வந்து உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? குரலைக் காதுவில்லை விழுங்கிவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் பஸ்ஸில் ஒருத்தி பால் கொடுத்ததைப் பார்த்து, "சீ, இத்தனை பேர் முன்னாடியா?" என்று முகம் சுளித்தவள்தான் இந்தப் பொற்கொடி. கைப்பிள்ளைக்காரிகளை வெளியிடங்களில் மறைக்கத் திரைமணிச் சட்டம் வேண்டும் என்ற மனுவில் முதல் ஆளாய்க் கையெழுத்தும் போட்டாள். இப்போது மாமியார் தனபாக்கியம் வேறு, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்மா. வெளிய போனா மணிய அணைக்கவே அணைக்காத" என்று சொல்லி அனுப்புவாள். இரண்டு மாதமாய்ப் பிள்ளையை அலுவலகக் காப்பகத்தில் விடத் தூக்கிக்கொண்டு போக வர, அவள் அணைத்ததே இல்லை. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி!

அவள் பக்கத்து இருக்கையும் கிழிந்ததுதான். நிஜமாகவே கிழிந்ததா, யாராவது ஒருத்தி இருக்கிறாளா என்று அவள் யோசித்ததில்லை. பார்க்காமல் இருப்பதுதானே மரியாதை.

பால் குடித்துக்கொண்டிருந்த மாறனுக்குத் திடீரென்று புரையேறியது. இருமல் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. உதடு நீலம் பாரித்தது.

"ஐயோ, யாராவது வாங்களேன்!"

ஒருவரும் திரும்பவில்லை. மணியைப் பிய்த்து எறிந்தாள். அப்போதும் யாரும் திரும்பவில்லை. இரண்டு மாதம் ஒரே முகத்தை மறைத்துப் பழகிய வில்லைகள், மணி இல்லாமலே மறைக்கக் கற்றுக்கொண்டிருந்தன. முன்னால் நின்றவரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் போனைப் பார்த்தபடியே, ஈ ஓட்டுவதுபோல் தட்டிவிட்டார்.

 பிள்ளை கையில் துவண்டு கிடந்தான்.

எதிரே ஒரு சிறுமி, நாலு வயது இருக்கும், இன்னும் வில்லை போடாத வயது, அவளையே வெறித்துப் பார்த்தாள். "அம்மா, அந்த அக்கா அழுறாங்க."

"எந்த அக்காடி? கிழிஞ்ச சீட்டுதானே இருக்கு."

"ரெண்டு அக்காவும் கத்துறாங்கம்மா!"

ரெண்டா? பொற்கொடி நகத்தால் கீறிக் கண்வில்லைகளை எடுத்தாள், காதுவில்லையைப் பிடுங்கினாள்.

"குப்புறப் போடு! எத்தன தடவடி சொல்றது, குப்புறப் போட்டுத் தட்டு!"

பக்கத்து இருக்கையில் ஒருத்தி தொண்டை கட்டிப்போகக் கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கி முன்கையில் கவிழ்த்து, தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டினாள். நாலாவது தட்டில் பிள்ளை பாலைக் கக்கினான். மாறன் அழுதான். அந்த அழுகையைப் போல் இனிய சத்தத்தைப் பொற்கொடி கேட்டதே இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பெட்டி நெடுகக் கிழிந்த இருக்கைகள் இருந்த இடமெல்லாம் பெண்கள். சிலர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் எதிரே இருந்தவர்களின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்று கும்பிட்டவள், அப்போதுதான் அந்தப் பெண்ணின் மடியைக் கவனித்தாள். அங்கே ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும் கிடந்தது. "உங்க பிள்ளை எங்கக்கா?"

"போன மாசம், இதே ரயிலு. அவனுக்கும் புரையேறிச்சு. அப்ப எனக்குத் தட்டத் தெரியல." அவள் மாறனைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். "உன் தோளைப் புடிச்சு உலுக்கினேன். ஈ ஓட்டுற மாதிரி தட்டிவிட்டுட்ட."