முதுகுப்பிடி

ஜெனோவாவின் உடம்பில் இருபத்திரண்டு வருடப் பயிற்சி ஏறி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பிடரியில் ஒட்டியிருந்த தகட்டைப் பிரித்தெடுத்த கருவிக்காரி சுபைதா, "முடிஞ்சிட்டுக்கா, எந்திரிங்க" என்றாள். எழுந்திருப்பது என்பதெல்லாம் அங்கே ஒரு பேச்சுக்குத்தான். பூமிக்கு மேலே ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் விண்பட்டறையில் யாருக்கும் எடை கிடையாது. படுத்திருப்பவர் யார், எழுந்தவர் யார் என்று அவரவர் சொன்னால்தான் உண்டு.

எதிரே ஒரு பயிற்சிப் பொம்மை மிதந்துகொண்டிருந்தது. ஜெனோவா அதைப் பார்த்தாள். பார்க்க மட்டும்தான் செய்தாள். உடம்பு தானாகக் கிளம்பிப் பொம்மையின் பின்னால் போய், மார்பை அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வலது கை தோளுக்கு மேலே போயிற்று, இடது கை அக்குளுக்குக் கீழே நுழைந்தது. இரண்டும் பொம்மையின் நெஞ்சில் சந்தித்து, கார் இருக்கையின் பெல்ட் மாதிரி குறுக்காகப் பூட்டிக்கொண்டன. குதிகால்கள் இரண்டும் தொடைகளின் உட்புறம் கொக்கி போட்டன. தலை பொம்மையின் காதோடு சாய்ந்து, எந்தப் பக்கம் அது திமிறும் என்று கேட்பது போல் காத்திருந்தது.

ஜெனோவா வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடச் சொன்னாலே வயிற்றுவலி என்று ஒதுங்கி உட்கார்ந்தவள். இப்போது தன் கைகளைத் தானே பார்த்து அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. யாரோ ஒருத்தியின் பொறுமை முழுவதும் தன் தசைக்குள் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்ததும், காரணமே இல்லாமல் அழுகை வந்தது. எடையில்லாத இடத்தில் கண்ணீர் கீழே விழாது. கண்ணிலேயே திரண்டு நின்றதைச் சுபைதா துணியால் ஒற்றி எடுத்தாள்.

அந்த யாரோ ஒருத்தி, பிரேசில் நாட்டில் பெலெம் நகரத்து ராய்முண்டா. ஜியு-ஜிட்சு மல்யுத்தத்தில் எதிராளியின் முதுகைப் பிடிப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான் என்று பெயர். அவளுடைய நரம்பும் தசையும் பேசிக்கொள்வதைக் கருவியில் பதிந்து, இன்னொருவர் உடம்பில் இறக்குவதற்குத் தசைப்படி என்று பெயர். ஏறியது ஏறியதுதான், அழிக்க முடியாது. அதற்குச் சம்மதம் என்று ஜெனோவா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பட்டறையில் மல்யுத்தம் எதற்கு என்றால், அங்கே தைப்பது ஒளிப்பாய், காற்றுக்குப் பதில் சூரிய ஒளி தள்ளிக்கொண்டு போகும் விண்கலப் பாய். ஒவ்வொரு பாயும் ஒரு ஊர் அகலம். ஓரங்களைத் தைக்கும் தொழிலாளி இடுப்புக்கயிறு அறுந்து வெளியே மிதந்துவிட்டால், முதல் சில நிமிடங்களில் அவனுக்கு வெருட்சி பிடித்துவிடும். நீரில் மூழ்குகிறவன் போலக் கையைக் காலை வீசுவான். காப்பாற்றப் போகிறவரின் முகக்கண்ணாடியை உடைப்பான். அப்படி இரண்டிரண்டு பேராகப் போன கதைகள் பட்டறையில் உண்டு. முன்னால் போனால் ஆபத்து, பின்னால் போய்ப் பிடித்தால் உதை படாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எப்படிப் பிடிப்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு கும்பிடு போடலாம். தரையில் கிடந்து சண்டை போடும் ஒரு கலையைத் தரையே இல்லாத இடத்துக்குக் கொண்டுவரத் தோன்றியிருக்கிறதே. முதுகில் ஏறியவனை உதற வேண்டுமானால் தோளைத் தரையில் அழுத்தி நழுவ வேண்டும். விண்வெளியில் தரைக்கு எங்கே போவது? மற்ற பிடிகளெல்லாம் அங்கே செல்லாக்காசு. முதுகுப்பிடி மட்டும் தன் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது போல் பொருந்திக்கொண்டது.

விண்ணுடையையும் அதற்கேற்ப மாற்றினார்கள். மேல்தோல் போல் மெல்லிய உடை, முதுகு காலியாக இருக்கட்டும் என்று காற்றுக்குப்பிகள் கெண்டைக்காலில். கழுத்தை நெரிக்கும் வேலை இங்கே இல்லை என்பதால், ராய்முண்டா அனுப்பிய கைப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைப் பட்டறை நிர்வாகம் மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டது. பயிற்சியில் விடச்சொல்ல வேண்டுமானால் ரேடியோவில் "போதும்" என்பார்கள். அது போதுமானதாகத்தான் இருந்தது.

ஜெனோவா இதில் சேர்ந்ததற்கு ஒரே காரணம்தான். பாய் தைப்பவர்களுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் ஊர். இப்படிப் பிடித்துக் காப்பாற்றும் பிடிகாரர்களுக்கு எட்டு மாதத்தில் ஊர், அதுவும் ஒரு பிடியாவது பிடித்துக் காட்டினால். அவள் மகள் மெலிஷாவுக்கு ஆறு வயது. தூத்துக்குடியில் சித்தி வீட்டில் இருந்தாள். திரையில் பேசும்போதெல்லாம் முதலில் எப்ப வருவீங்க என்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, கொஞ்ச நாளாக அதையும் கேட்பதில்லை. அதுதான் ஜெனோவாவுக்குத் தாங்கவில்லை.

மேஸ்திரி வேதமுத்து இதையெல்லாம் நம்பாத ஆள். அவரும் தூத்துக்குடிதான். பதினோரு வருடமாக மேலே இருக்கிறார். அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு மனுஷனைப் பார்த்தும் நல்லா செஞ்சே என்று சொன்னதில்லை. பயிற்சியைப் பார்த்துவிட்டு, பின்னால் போய்க் கட்டிப்பிடிக்க ஒரு படிப்பா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏழாம் மாதம் பாயின் ஒரு மூலை இழுவிசை தாங்காமல் சாட்டை போல் வீசிற்று. அது அறுத்தது வேதமுத்துவின் இடுப்புக்கயிற்றைத்தான். கூடவே அவர் தலைக்கவசத்தின் அலைவாங்கியும் முறிந்தது. அவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. பிறர் பேசுவதும் அவருக்குக் கேட்கவில்லை. சுழன்றுகொண்டே போனார். பதினோரு வருட அனுபவமெல்லாம் பறந்துவிட்டது; எல்லோரையும் போலத்தான் அவரும் கையைக் காலை வீசினார்.

ஜெனோவா உந்துபையை மாட்டிக்கொண்டு பாய்ந்தாள். வாய்ச்சொல்லுக்கு இயங்கும் உந்துபை அது. "முன்னே, முன்னே, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே போனாள். கீழே இலங்கையும் குமரிமுனையும் காலை வெயிலில் கிடந்தன. இத்தனை பெரிய அழகுக்கு முன்னால் ஒரு மனிதன் பயந்து துடித்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு சுற்று சுழன்று முதுகைக் காட்டிய கணத்தில், பெலெம் நகரத்துப் பெண் ஒருத்தி தூத்துக்குடிக்காரியின் கைகளால் அவரைப் பிடித்தாள்.

நெஞ்சு முதுகில் ஒட்டியது. பெல்ட் பூட்டியது. கொக்கிகள் விழுந்தன. அவர் வலப்பக்கம் திமிற, அவள் இடுப்பு அதற்கு முன்பே வலப்பக்கம் போயிருந்தது. அடுத்து என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாதது அவள் தோளுக்குத் தெரிந்தது. அவர் மூச்சு அவள் மார்பில் மோதி மோதி, கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. யுத்தத்துக்கு என்று உண்டான ஒரு பிடி, பயந்தவனுக்கு இவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஜெனோவா பட்டறையை நோக்கித் திரும்பினாள். இருநூறு மீட்டர் இருந்தது.

பாதி வழியில் வேதமுத்துவுக்கு முழு நினைவு வந்துவிட்டது. யார் தன்னைப் பிடித்திருக்கிறார் என்பதும் புரிந்திருக்க வேண்டும். பேசினால் கேட்காது. மனுஷன் பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒருவரைப் பாராட்ட நினைத்தார். தன் நெஞ்சின் குறுக்கே கிடந்த அவள் முன்கையை மெல்ல இரண்டு தட்டு தட்டினார்.

ஜெனோவாவின் கைகள் திறந்துகொண்டன.

அவள் திறக்கவில்லை. கைகள் திறந்தன, கால்கள் விலகின, உடம்பு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. பிடி பிடி என்று அவள் தன் கைகளையே பார்த்துக் கத்தினாள். வேதமுத்து மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் அவர் முகத்தில் பயம்கூட இல்லை. ஏன் விட்டுட்டே என்ற கேள்விதான் இருந்தது.

இரண்டாம் முறை போய்ப் பிடித்தாள். தட்டியதால்தான் கை திறந்தது என்பது அவளுக்குப் புரிந்திருந்தது; அவருக்கு அது தெரியாது, சொல்லவும் வழியில்லை, மறுபடியும் தட்டுவார். எரிபொருள் மூன்றாம் முறைக்குக் காணாது. என்ன செய்யலாம் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் ராய்முண்டாவின் உடம்பு செய்துவிட்டது. முதுகை ஒட்டியவுடன் வலது கால் மேலேறி, அவர் வலது கையை உடலோடு சேர்த்து அமுக்கிச் சிறைப்படுத்தியது. அவர் இடது கை மணிக்கட்டை ஜெனோவாவே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கைகளைப் பறிகொடுத்த வேதமுத்து, அவமானமோ கோபமோ, வழியெல்லாம் நெளிந்துகொண்டே வந்தார்.

உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, ஒரு நன்றி சொல்லக்கூட விடமாட்டியா?"

சுபைதா அன்றே அந்த மொழிபெயர்க்காத முதல் அத்தியாயத்தை எடுத்துப் படித்தாள். ஒரு பக்கம்தான் இருந்தது. ஜியு-ஜிட்சு பள்ளியில் முதல் நாள், முதல் பாடம்: பிடிபட்டவர் தட்டினால் பிடித்தவர் அக்கணமே விட வேண்டும். இரண்டு தட்டு. அதற்கு மேல் கேள்வி இல்லை. அந்த நம்பிக்கையில்தான் ஒருவர் கழுத்தை இன்னொருவர் கையில் கொடுத்துத் தினமும் பழகுகிறார்கள். உலகத்தில் எந்தப் பள்ளியிலும் இதைச் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார்கள். போனது இந்தப் பட்டறை ஒன்றுதான்.

தட்டினால் விடும் அந்த ஒரு துண்டை மட்டும் தசைப்படியிலிருந்து வெட்டி எடுக்கச் சொன்னது நிர்வாகம். வெட்டிய படியைப் புதிதாக வந்த ஒருவருக்கு ஏற்றினார்கள். அவர் பொம்மையைப் பிடித்தார். பிறகு விடவில்லை. விட வேண்டும் என்று அவருக்கு ஆசைதான், கைக்கு அது தெரியவில்லை. நான்கு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தெடுப்பதற்குள் பொம்மையின் விலா நொறுங்கியிருந்தது.

ராய்முண்டாவுக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் இவ்வளவுதான்: "பிடிப்பது எனக்கு இரண்டு வருடத்தில் வந்துவிட்டது. மீதி இருபது வருடமும் நான் பழகியது விடுவதைத்தான். அதை எடுத்துவிட்டு என்னுடையது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்."

வெட்டும் வேலையை அத்தோடு நிறுத்தினார்கள். கடைசியில் பட்டறையில் ஒரு புது விதி வந்தது. யாரைக் காப்பாற்றப் போனாலும் முதலில் அவர் கைகளைச் சிறைப்பிடிக்க வேண்டும், நன்றி எதுவானாலும் உள்ளே வந்து வாயால் சொல்லிக்கொள்ளலாம். அதை எழுதிக் கதவில் ஒட்டியவர் வேதமுத்துதான்.

எட்டாம் மாதம் ஜெனோவா ஊருக்கு வந்தாள். காலுக்குக் கீழே தரை இருப்பதே விநோதமாக இருந்தது. சித்தி வீட்டு முன்னறையில் மெலிஷா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா என்று ஓடிவரவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவ்வளவு கோபம் அந்தச் சின்ன முதுகில் இருந்தது.

ஜெனோவா பின்னால் போய் உட்கார்ந்தாள். ஒரு கை தோளுக்கு மேலே, ஒரு கை அக்குளுக்குக் கீழே. நெஞ்சு முதுகில் ஒட்டியது. தலை காதோடு சாய்ந்தது. ராய்முண்டா இத்தனை மென்மையாக யாரையும் பிடித்திருக்கமாட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தது. பிறகு தோள் தளர்ந்தது. மூச்சு விம்மலாக வந்தது. இத்தனை மாதக் கோபமும் கரைந்து, மெலிஷா அம்மாவின் முன்கையை இரண்டு தட்டு தட்டினாள்.

கைகள் திறந்துகொண்டன.

மெலிஷா திரும்பிப் பார்த்தாள். "அதுக்குள்ள விட்டுட்டீங்க?"

என்னவென்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்வது? மேலே வேதமுத்துவுக்குச் செய்தது போல் இவள் கையையும் அமுக்கி வைக்க ஜெனோவாவுக்கு மனம் வரவில்லை.

"அம்மாவத் தட்டாத தங்கம்" என்றாள். "தட்டாம இருந்தா அம்மா விடமாட்டேன்."

மெலிஷா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.