பின்னாலிருந்து தள்ளுகிறவர்

ஐயாக்கண்ணுவின் ஜீப் குப்பனூரைத் தாண்டி மலையேறத் தொடங்கினால், அது எந்த வளைவில் நிற்கும் என்பதுதான் உள்ளே இருப்பவர்களின் பேச்சாக இருக்கும். எஸ்டேட் துரை ஒருவர் மலையை விட்டுப் போனபோது, அண்ணன் தம்பி இருவருமாகச் சேர்ந்து வாங்கிய பழைய பெட்ரோல் வண்டி அது. வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், வாங்கிய நாளிலேயே செத்திருந்தது. தள்ளினால்தான் கிளம்பும்.

தம்பி ஐயாக்கண்ணு ஓட்டுவான், அண்ணன் சித்தன் தள்ளுவார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று ஐயாக்கண்ணு முந்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான், அவ்வளவுதான். மிளகு மூட்டை ஏற்றினாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றினாலும் சரி, வழியில் நின்றால் இறங்கித் தோள் கொடுப்பவர் சித்தன். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஓடிவந்து ஏறிக்கொள்வார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் ஐயாக்கண்ணுவுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்.

போன ஐப்பசியில், சாலை சற்றே சமமாகத் திரும்பும் பெரிய வளைவில், அப்படித் தள்ளிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்து ஐயாக்கண்ணு முதன்முதலாக வண்டியை எடுத்தபோது, பட்டப்பகலிலேயே பனிமூட்டம் இறங்கியிருந்தது. வண்டியில் அவன் மட்டும்தான். அதே வளைவில் இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. காட்டில் ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. வேறு ஏதாவது வண்டி வரட்டும் என்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

முதலில் வாசனை வந்தது. நனைந்த கம்பளி, புகையிலை.

பிறகு, பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

வண்டி நகர்ந்தது.

பழகிய கால் தானாகக் கிளட்சை மிதித்தது, தானாக விட்டது. இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஈரத் தார்ச்சாலையில் வெறுங்கால் ஓடிவரும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. ஐயாக்கண்ணு நிறுத்தவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வண்டி எங்கே நின்றாலும் அப்படித்தான். "ஏம்ப்பா, உன்ர வண்டி இப்பல்லாம் மக்கர் பண்றதில்லையாட்ட இருக்குது" என்று ஊரில் கேட்டார்கள். "கார்புரேட்டரைக் கழுவுனனுங்க" என்றான்.

எந்தப் பயமும் நாள்பட்டால் பழகிவிடும். பயம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. உயிரோடு இருந்தவரைத் தள்ளவைத்தது போதாதென்று, செத்த மனிதரையும் தள்ளவைக்கிறோமே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி நின்றதும் தானே இறங்கித் தள்ளலாம். ஆனால் தள்ளுவதற்குப் பின்பக்கம் போகவேண்டும். பின்பக்கம் போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்கப் பார்த்தான், கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேலத்து புரோக்கர் ஜேசுதாஸ், மூன்று வருடமே ஓடிய டீசல் ஜீப் ஒன்று இருப்பதாகச் சொன்னார். சாவியைத் திருப்பினாலே கிளம்பும், பழையதை அவரே எடுத்துக்கொள்வார். ஐயாக்கண்ணு வீட்டுக்கு வந்து டீசல் எவ்வளவு மிச்சம், பாரம் எவ்வளவு இழுக்கும் என்று ஊரெல்லாம் கேட்கும்படி பேசினான்.

அண்ணி ராசாத்தி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். சித்தன் போனதிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை.

"ஏனுங்க தம்பி, அது அவரு கை பட்ட வண்டிங்க. குடுத்துத்தான் ஆவணுமா?"

"பழசாயிப்போச்சுங்க அண்ணி. இன்னும் எத்தன நாளைக்கு இழுக்கும்?"

"அவரும் பழசாயிட்டாருங்களா?"

அவன் வாசலில் நின்ற வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப அம்மங்கிட்டப் பூக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள். "வெள்ளை வந்தா நான் ஒரு வார்த்த பேசலீங்க."

அந்த மலையில் நிலம் வாங்கினாலும், பெண் கொடுத்தாலும், சாமியிடம் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போடவேண்டும். வேண்டிக்கொண்டவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காத இலையைப் பிரிக்கும் வழக்கமில்லை.

பூசாரி அம்மாசிக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியிருந்தது. "நான் மடிச்சுத் தர்றனுங்க" என்று ஐயாக்கண்ணு இலைகளையும் பூத்தட்டையும் வாங்கிக்கொண்டான். கர்ப்பக்கிரகத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டிலும் வெள்ளையையே வைத்து மடித்தான். சிவப்பு அரளியை இடுப்பு வேட்டியில் சொருகினான். அவனுடைய ஏழு தலைமுறையில் யாரும் செய்யாத காரியம்.

ராசாத்தி வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஓர் இலையை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சு" என்றார் பூசாரி.

விளக்கை நகர்த்திவைத்துவிட்டு அவர் வெளியே போனதும், ராசாத்தி குனிந்து மற்ற இலையையும் எடுத்தாள். அவள் பிரித்துப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான்.

"இதுவும் வெள்ளைதானுங்க" என்றாள் மெதுவாக.

அவன் தரையைப் பார்த்தான்.

"அவரு இன்னும் தள்றாருங்களா, தம்பி?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படி என்று அவன் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தான்.

"அவரு ஓயட்டும்னுதான இப்படிப் பண்ணுனீங்க?"

"ஆமாங்க அண்ணி."

பொய். தான் ஓயவேண்டும் என்றுதான் செய்தான். அவள் அதை நம்பி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு.

பழைய ஜீப்பை வழியனுப்ப ராசாத்தியும் சேலம் வந்தாள். ஜேசுதாஸின் ஷெட்டில் அது ஒரு மூலைக்குப் போனது. அவள் அதன் பின்பலகையைத் தடவிவிட்டு வந்து, டீசல் ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உறுமியது. ஐயாக்கண்ணுவுக்கு அன்றுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

குப்பனூரிலிருந்து வண்டி மலையை அநாயாசமாக ஏறியது. பாதி மலையில் பனிமூட்டம் எதிரே வந்தது. விளக்கைப் போட்டான். வெளிச்சம் முன்னாலேயே நின்று வெள்ளையாகத் திரும்பி வந்தது.

பெரிய வளைவில், எந்தக் காரணமும் இல்லாமல், இஞ்சின் நின்றது.

சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினான். நீர் சொட்டும் சத்தம் மட்டும்.

நனைந்த கம்பளி. புகையிலை.

"வந்துட்டாரு" என்றாள் ராசாத்தி பின்னாலிருந்து, கிசுகிசுப்பாக.

பின்பலகையில் ஒரு தோள் வந்து பொருந்துவது சீட்டில் தெரிந்தது. மூச்சு இழுத்துப் பிடிக்கும் சத்தம், பழைய வண்டியில் கேட்டதைவிட வலியோடு கேட்டது. இது பெரிய வண்டி, கனம் அதிகம்.

வண்டி ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது.

மறுபடி மூச்சு.

"தம்பி" என்றாள் ராசாத்தி. "எறங்குங்க."

"அண்ணி, எனக்குப் பயமா..."

"அவரு ஒருத்தரா தள்றாருங்க. எறங்குங்க."

ஐயாக்கண்ணுவுக்கு அழுகை வந்தது. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்கினான். வண்டியைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போனான். அங்கே யாரும் இல்லை. பனிமூட்டம் மட்டும், முகத்தில் மோதும் சூடான மூச்சு மட்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாகப் பின்பலகையில் தோளைக் கொடுத்தான்.

"என்ன மன்னிச்சிருங்கண்ணா" என்றான்.

பக்கத்தில் இருந்த மூச்சு நின்றது. ஈரச் சாலையில் வெறுங்கால் நடந்து முன்பக்கம் போகும் சத்தம் கேட்டது.

கதவு சாத்தப்பட்டது.

அவன் தள்ளினான். உள்ளங்கால் வழுக்க, நெஞ்சு வெடிக்கத் தள்ளினான். சட்டென்று இஞ்சின் பிடித்துக்கொண்டது. தோளிலிருந்து வண்டி விடுபட்டு வளைவில் திரும்பி, பனிமூட்டத்துக்குள் போய்விட்டது.

"அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். செருப்பு எங்கேயோ கழன்று விழுந்தது. சிவப்பு விளக்கு இரண்டும் தூரத்தில் மங்கி, பிறகு ஒரே இடத்தில் நின்றன. இஞ்சின் ஓடியபடியே வண்டி காத்திருந்தது.

மூச்சு வாங்க அருகே போய்ச் சேர்ந்தான். பின்சீட்டில் ராசாத்தி இல்லை. முன்னால், இடப்பக்கத்து சீட்டில், தலையில் முக்காடிட்டு, புதிதாகக் கல்யாணமாகி வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிற சீட்டின் பக்கம் பார்க்க ஐயாக்கண்ணுவுக்குக் கண் எழவில்லை.

"அவருக்கு ஓட்டத் தெரியாதுன்னே இத்தன வருசம் நெனச்சிட்டோமுங்க" என்றாள் ராசாத்தி, அவன் பக்கம் திரும்பாமல். "நீங்க ஏறுங்க."

ஐயாக்கண்ணு பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தான். வண்டி முதல் கியரில் கிளம்பியது.